தைரியம் வேண்டும், வெளியில் மட்டும்

பல் பிடுங்குகிறவரிடம் போனால் பல்லாவது கையில் வரும், தையல்காரரிடம் போனால் சட்டையாவது கையில் வரும். என்னிடம் வந்து போகிறவர்களுக்குக் கையில் ஒன்றும் வராது, அதுதான் என் தொழிலின் பெரிய சங்கடம்.

எண்பதுகளில், ஈப்போவில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, மனிதர்களை அவர்கள் போக நினைத்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பஸ் ஓட்டினேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கிடக்கிற பயத்தையும் கூச்சத்தையும் பேசிப் பேசிக் கரைத்து, “உனக்கு என்ன வேண்டும், அதற்கு நீ எப்படி மாற வேண்டும்” என்று கேட்டு வழிகாட்டுகிற வேலை. அதற்கு முன்னால் தோட்டம் தோட்டமாகப் போய் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் என்னைக் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் எங்களை நாற்காலிமேல் ஏற்றி, “என்னால் முடியும்” என்று கத்தவைத்தார். நானும் கத்தினேன். ஊருக்குத் திரும்பியபோது இன்சூரன்ஸ் வேலை கசந்துவிட்டது, ஊரையே நாற்காலிமேல் ஏற்ற வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது.

உங்களில் யாராவது மச்சானுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ நல்ல புத்தி சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தால் இப்படி வந்து உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி. சிரிக்க வைத்தவர்கள் சிலரை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் லெட்சுமி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கும், ஒரு பிள்ளை படிக்குமா படிக்காதா என்பது அவர் வாய் திறப்பதில்தான் இருந்தது.

கறுப்பா, சிவப்பா?

எனக்கு வாய்த்த முதல் ஆள் ஆறுமுகம், புந்தோங்கைச் சேர்ந்த லோரி டிரைவர். மலைப்பாதையில் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு இறங்குவாரே தவிர, “நான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக லோரி ஓட்டப்போகிறேன்” என்று தவுக்கே என்கிற சீன முதலாளியின் முன்னால் நின்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. நான் விடுவேனா? கோலாலம்பூரில் கேட்டது, கேட்காதது, என் சொந்தச் சரக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பயம் என்பது வெளியில் இல்லை, உள்ளேதான் இருக்கிறது என்றேன். தவுக்கேயும் உங்களைப்போல் சோறு தின்கிற மனிதர்தான் என்றேன். ஆறுமுகம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஓரிடத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எழுந்து கும்பிட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. மறுபடி மேலே வந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “பேசுனதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சிண்ணே. கயிறு எப்பக் கட்டுவீங்க? கறுப்பா, செவப்பா?”

சொதி

கனகசபை யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. மடிப்புக் கலையாத கால்சட்டை, மடிப்புக் கலையாத முகம். ஓய்வுபெறப் போகிற நேரத்தில்தான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது: அவர் கூடத்துக்கு வந்தால் பிள்ளைகள் அறைக்குள் போய்விடுகிறார்கள், அவர் அறைக்குப் போனால் மனைவி அடுப்படிக்குப் போய்விடுகிறார். இனி வீட்டில்தானே இருக்க வேண்டும், யாருடன் பேசுவது என்று அவருக்குக் கவலை. அதைச் சொல்லும்போதும் கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல்தான் சொன்னார்.

நான் சின்னப் பயிற்சியாகத்தான் கொடுத்தேன். தினமும் வீட்டில் யாருக்காவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள், அது போதும் என்றேன். அடுத்த முறை வந்தபோது முகம் இன்னும் இறுகிக் கிடந்தது. பயிற்சியைச் செய்தீர்களா ஐயா என்று கேட்டேன். “செய்தனான் தம்பி. சாப்பிடேக்க சொதி நல்லா இருக்கெண்டு சொன்னன். மனிசி என்ர நெத்தியைத் தொட்டுப் பாத்திட்டு டொக்டருக்கு ஃபோன் எடுத்துப்போட்டா.”

முடியாது

லூமுட்டிலிருந்து ஒருவர் வந்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் வீடு. அதுதான் அவர் செய்த பாவம். பள்ளி விடுமுறை விட்டால் போதும், பங்கோர் தீவுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் வழியில் அவர் வீட்டில் இறங்கிவிடுவார்கள். சிலர் பங்கோரை மறந்து அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. இவருக்கு “முடியாது” என்று சொல்ல வராது. அதைத்தான் கற்றுக்கொள்ள வந்திருந்தார். நான் மைத்துனனாக நடித்தேன், ஒன்றுவிட்ட சித்தப்பாவாக நடித்தேன், பாயும் தலையணையும் கேட்கிற அத்தையாகக்கூட நடித்தேன். சாயங்காலத்துக்குள் அவருக்கு “முடியாது” தெளிவாக வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வாருங்கள், இன்னும் கொஞ்சம் பழகலாம் என்றேன். “முடியாது சார். இப்பத்தான் வாயில நல்லா வருது.”

வெளியில் மட்டும்

முனியாண்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். நான் இன்சூரன்ஸ் விற்ற காலத்தில் என் பேச்சுக்குப் பிடிகொடுக்காமல் மரத்துக்கு மரம் நழுவியவர். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடவே மரம் வெட்டுகிற மனைவி லெட்சுமியையும் அழைத்துக்கொண்டு மாடி ஏறி வந்ததும், ஏதோ பெரிய இக்கட்டு என்று புரிந்துகொண்டேன்.

தோட்டம் கைமாறிவிட்டதாம். புது முதலாளி ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார். தீபாவளி கழிந்ததும் எல்லாரும் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். தெலுக் இந்தானில் ஒரு தோட்டத்தில் முனியாண்டியின் தம்பி இருக்கிறார், வா என்கிறார். ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய்வர வழியில்லை. மகள் கோமதி நன்றாகப் படிக்கிறவள், அங்கே போனால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். மரம் வெட்டி வெட்டி முனியாண்டியின் வலது தோள் தேய்ந்துவிட்டது, அவரை இனிமேல் யார் வேலைக்கு எடுப்பார்கள்? கமுந்திங்கில் கையுறை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் பெண்களை எடுக்கிறார்கள். லெட்சுமிக்கு அந்த வேலை கிடைத்தால் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு கோமதியைப் படிக்கவைக்கலாம். ஆனால் நேரில் வரச்சொல்லிக் கேள்வி கேட்பார்களாம். அந்நிய மனிதர் முன்னால் லெட்சுமிக்கு வாய் அடைத்துப்போகும்.

இதெல்லாம் முனியாண்டி சொன்னது. லெட்சுமி என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர் என்னம்மா என்றேன், முனியாண்டி சொன்னார். உங்களுக்கு என்னம்மா வேண்டும் என்றேன், அதையும் முனியாண்டியே சொன்னார். லெட்சுமி தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனதும், முனியாண்டி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “தைரியம் கொஞ்சம் கூடவே குடுங்க வாத்தியாரே, பரவால்ல. ஆனா வெளியில மட்டும் லா. வீட்டுக்குள்ள அவளுக்கு இருக்கறதே எனக்குத் தாங்கல.”

கிராணியின் தராசு

முதல் பாடம், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது. கேட்பதற்குச் சுலபம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும், துரை வந்தால் தரையைப் பார்க்கணும், கிராணி வந்தால் வாளியைப் பார்க்கணும் என்று பழக்கப்பட்ட கண்ணை நிமிர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்று. கிராணி என்பவர் தோட்டத்து எழுத்தர். வெட்டிக் கொண்டுவருகிற பாலை நிறுத்துக் கணக்கு எழுதுகிறவர். நம் ஆட்கள் துரைக்குப் பயந்ததைவிட அவருக்குப் பயந்ததுதான் அதிகம். யாரைப் பார்த்தால் அதிகம் பயமோ அவரிடமிருந்தே ஆரம்பியுங்கள் என்று லெட்சுமியிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் லெட்சுமி வந்தபோது முகத்தில் ஒரு திகைப்பு இருந்தது. பால் நிறுக்கிற கொட்டகையில் வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, நான் சொன்னபடியே கிராணியின் கண்ணை நேராகப் பார்த்திருக்கிறார். கிராணி என்ன என்று கேட்டிருக்கிறார். இவருக்குத்தான் வாய் வராதே, பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். கிராணிக்கு வியர்த்துவிட்டதாம். “நான் ஒண்ணுமே கேக்கலைங்க வாத்தியாரே. சும்மாதான் பாத்தேன். அவரே தராசைத் தட்டிட்டு மறுபடி நிறுத்தாரு, பாலு கூடிப்போச்சி.”

கண்ணாடிக்கு முன்னால்

கண் நிமிர்ந்துவிட்டது, இனி வாய்தான். கோலாலம்பூர் கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பெரிய மந்திரம் ஒன்று என்னிடம் இருந்தது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, நினைத்தது நடந்துவிட்டதாகவே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “நான் தைரியசாலி. நான் கமுந்திங்கில் வேலை செய்கிறேன்.” அதை லெட்சுமிக்குச் சொல்லிக்கொடுத்தேன். “சத்தமாவா?” என்று கேட்டார். சத்தமாகத்தான், நம் காதில் விழுந்தால்தான் நம் மனசு நம்பும் என்றேன். லெட்சுமி முனியாண்டியைப் பார்த்தார். முனியாண்டி முகட்டைப் பார்த்தார். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோட்டுக்காரர் பங்களாவில் குடியிருந்தவர். அவர் கத்தினால் அவர் வீட்டு நாய் மட்டும் திரும்பிப் பார்க்கும். லயம் அப்படியா? ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவர் ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும், அதற்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறும் வெளி. இங்கே கருவாடு பொரித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். சுவருக்குக் காது உண்டு என்பார்கள், லயத்துச் சுவருக்கு வாயும் உண்டு. லெட்சுமியோ கமுந்திங் விஷயத்தை ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். சொன்னால் கண்பட்டுவிடும், கிடைக்காமல் போனால் தலைகாட்ட முடியாது.

விடியுமுன்னே, வேலைக்குக் கிளம்ப லயமே எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில், ஆணியில் தொங்கிய கண்ணாடி முன்னால் நின்று லெட்சுமி சொல்லியிருக்கிறார். கரண்டிச் சத்தங்கள் நின்றுவிட்டனவாம். குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்களாம். அந்த அமைதியில் லெட்சுமிக்கு உயிரே போய்விட்டது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது: “ஏண்டி லெட்சுமி, நாளைக்குச் சொல்றப்ப இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. கோழி கூவுனதுல எந்த ஊருன்னு சரியாக் கேக்கல.”

பாதி போதும்

லெட்சுமி இனி என் வகுப்புப் பக்கமே வரமாட்டார் என்று பயந்தேன். வந்தார். லயமே அவரை எடுத்துக்கொண்டுவிட்ட கதையோடு வந்தார்.

எல்லாருக்கும் தீபாவளிக்குப் பிறகு போக்கிடம் தெரியாத நிலை. ஒருத்தியாவது வெளியே போய்க் கால் ஊன்றினால் பின்னாலேயே நாலுபேர் போகலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து லெட்சுமியை யாரும் சும்மா விடவில்லை. மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் மூன்றாவது வீட்டில் இருந்தார். அவர் தன் வீட்டில் சவரம் செய்துகொண்டே, “நாமா சியாப்பா?” என்று அதிகாரியின் குரலில் கேட்பார். லெட்சுமி இந்த வீட்டில் மிளகாய் அரைத்துக்கொண்டே பெயரைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தயங்கினால் போதும், பதில் நாலு வீட்டிலிருந்து நாலுவிதமாக வரும், அப்புறம் எது சரி என்று அவர்களுக்குள் சண்டை வரும். சண்டையைத் தீர்த்துவைக்க லெட்சுமியே கத்த வேண்டியிருந்தது. என் வகுப்பில் வராத குரல் அங்கே தானாக வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு என் எதிரில் உட்கார்ந்து, கூடுதல் நேரம் வேலை செய்தால் தனிச் சம்பளம் உண்டா என்று அங்கே கேட்கலாமா என்று என்னையே கேட்டார்.

அந்த வாரமே முனியாண்டி தனியாக வந்தார். நெடுநேரம் சன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி இருந்தார். வேலை போகப்போகிறது, மனைவி சம்பாதிக்கப்போகிறாள், இவர் வாடகை வீட்டில் உட்கார்ந்து சோறு பொங்கப்போகிறார். அதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்திருக்கும்போது கேட்டார்: “குடுத்ததுல பாதியத் திருப்பி எடுத்துக்க முடியுமா வாத்தியாரே? பாதி போதும் எங்களுக்கு.”

சன்னலுக்கு வெளியே

கமுந்திங்குக்கு நானும் போனேன். பாக்கியம் அக்கா முனீஸ்வரர் கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். லெட்சுமி அதை முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள் மலாய் பேசிக்கொண்டே வந்தார்.

தொழிற்சாலையில் லெட்சுமியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானும் முனியாண்டியும் வெளியே, அந்த அறையின் சன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்ததால் உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. பாஜு கூரோங் உடுத்திய மலாய்க்கார அம்மா ஒருவர், குரல் தன்மையாகத்தான் இருந்தது. “நாமா சியாப்பா?” என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். காற்றாடி சுற்றுகிற சத்தம்தான் வந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டார். அதற்கும் இல்லை. எட்டிப் பார்த்தேன், லெட்சுமி பழையபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அடியெடுத்துக் கொடுக்க யாரும் இல்லை, சண்டை போட யாரும் இல்லை. கோமதியின் புத்தகப் பை தெலுக் இந்தான் பஸ்ஸில் ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் முனியாண்டி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சரி, இந்த மனிதருக்குக் கேட்டது கிடைத்துவிட்டது என்று கசப்போடு நினைத்தேன்.

பரவாயில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அந்த அம்மா முடிக்கப் பார்த்தார். போகிறபோக்கில், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். முனியாண்டி விருட்டென்று எழுந்தார். சன்னலில் முகத்தை வைத்தார். “லீமா, புவான்! அஞ்சு புள்ளைங்க!” என்று தெருவே கேட்கக் கத்தினார். லெட்சுமியின் தலை சட்டென்று திரும்பியது. “என்னா, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அஞ்சு புள்ளையா பெத்தேன் நானு? வாய மூடிக்கிட்டு உக்காருங்க!” என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, அதே மூச்சில் அந்த அம்மாவிடம் திரும்பி, ஒரே மகள்தான் அம்மா, அது என் புருஷன், அப்படித்தான் உளறும் என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. பெயர், தோட்டம், வெட்டின மரம், இரவு வேலைக்கும் வரத் தயார், கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் எப்படி, எல்லாம் கண்ணைப் பார்த்து, வரிசைகூட இல்லாமல் கொட்டித் தீர்த்தார். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த மாதம் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கோபம் ஆறவில்லை. காரியமே கெட்டிருக்கும், பெற்ற பிள்ளையின் கணக்குக்கூடவா தெரியாது என்று முனியாண்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்மணியிடம் பஸ் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டிருந்த லெட்சுமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. “அவளுக்கு வாய் அடைச்சிக்கிச்சின்னா தைரியம் சொல்லி ஆகாதுங்க வாத்தியாரே, கோவம் வரணும். கல்யாணமான நாள்ல இருந்து ஏச்சு வாங்குறவன், எனக்குத் தெரியாதா லா?”

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த மாடியில் உட்கார்ந்து மனிதர்களின் உள்ளத்தை மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். மாறியவர்களில் ஒருவரும் நான் சொன்ன வழியில் மாறவில்லை என்பதை விளம்பரப் பலகையில் எழுதத்தான் இடம் போதவில்லை.